இடது காதுக் கம்மல்

"தை மாதக் கடைசிச் செவ்வாய், காலை. இடது காது மிஷினுக்கு உயிர் கொடுத்தார்கள். அழுதாள். கேட்டதா என்று தெரியவில்லை."

என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. முதலில் நான் "இடது காது கேட்டது" என்றுதான் எழுதியிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை எட்டிப் பார்த்து அதை அடிக்கச் சொன்னாள். "அழுதா கேட்டதுன்னு அர்த்தமா ண்ணே? பொளேர்னு ஒண்ணு குடுத்தாகூடத்தான் அழுவா. நீ பாட்டுக்கு எழுதிட்டா நான் சாமிக்கு இன்னா பதில் சொல்றது?"

சாமி இதில் எங்கே வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தங்கையின் மகள் பிறவியிலேயே காது கேளாதவள். எனக்கு மருமகள் முறை. அவளுக்கு மூன்று வயது நடக்கும்போது அரசுத் திட்டத்தில் வலது காதுக்குக் கருவி வைத்தார்கள். காதுக்குப் பின்புறம் எலும்பில் பள்ளம் எடுத்து உள்ளே ஒரு பாகம். வெளியே, காதின்மேல் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன மிஷின். அதிலிருந்து ஒரு ஒயர் போய், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டமான பொத்தான். பொத்தான் ஒட்டியிருந்தால் உலகம் கேட்கும், எடுத்துவிட்டால் ஒன்றும் கேட்காது. அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு அவள் பேசக் கற்றாள், பள்ளிக்கூடம் போனாள், எங்களையெல்லாம் கேலி செய்யவும் கற்றுக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வருடம் திருநாவலூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். தாய்மாமன் மடி என் மடி. வலது காதைக் குத்திவிட்டு ஆசாரி இடது பக்கம் திரும்பியபோது, தங்கை குறுக்கே கையை நீட்டிவிட்டாள். கேட்கிற காதுக்குத்தான் கம்மல், அந்தக் காதும் கேட்கட்டும், கேட்ட நாளைச் சொல்லி வந்து குத்திக்கொள்கிறேன் என்று சாமியைப் பார்த்துச் சொன்னாள். பூசாரிக்குக் கோபம். பெண் குழந்தைக்கு ஒற்றைக் காது குத்துகிற வழக்கம் எந்த ஊரில் என்று கேட்டார். கிடாவுக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தங்கை அசையவில்லை. ஆசாரி ஊசியைத் துடைத்து உள்ளே வைத்தார். மருமகள் ஒற்றைக் கம்மலோடு வீடு திரும்பினாள்.

அப்போது எங்களில் யாருக்கும் இரண்டாவது காது என்று ஒரு யோசனையே கிடையாது. ஒன்று கேட்டால் போதாதா? தங்கையின் சபதத்தை, நடக்காத காரியத்துக்கு வைத்த வேண்டுதல் என்றே நான் நினைத்தேன்.

ஒரு காது போதாது என்பதை எங்களுக்கு முதலில் காட்டியவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவளுக்கு 'பம்பரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால், குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, யார் வாய் அசைகிறது என்று கண்டுபிடிப்பாள். பிள்ளைகள் வேண்டுமென்றே நாலு பக்கமும் நின்று கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சுற்றுவாள். வீட்டில் நாங்கள் எல்லோரும் வலதுபுறத்து ஆட்களாக மாறியிருந்தோம். சாப்பிட உட்கார்ந்தால் அவளுக்கு வலப்பக்கம். பஸ்ஸில் அவளை இடதுபுற ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு நாங்கள் வலப்பக்கம். பழகிப் பழகி, அவள் இல்லாத இடத்திலும் என் மனைவியின் வலப்பக்கம் போய் நின்றுதான் பேசுவேன்.

தங்கை குடியிருக்கும் மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை ஓடுகிற மாதங்களில் சாலை முழுக்கக் கரும்பு டிராக்டர்தான். தங்கை வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, அவரே டிராக்டர் ஓட்டுகிறவர். ஒரு நாள் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது, இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு டிராக்டர் ஹாரன் அடித்தபடி வந்திருக்கிறது. அவள் சத்தத்தைக் கேட்டாள். கேட்டு, வலப்பக்கம் பார்த்து, இடப்பக்கமாக ஒதுங்கினாள். அவர் அவள் சட்டையைப் பிடித்து இழுத்ததில் காலர் கிழிந்தது, அவ்வளவுதான். கிழிந்த சட்டையை அவர் தூக்கிப் போடவில்லை. அந்த வாரமே சென்னைக்குப் போய் இரண்டாவது காதைப் பற்றி விசாரித்தார். ஒரு அறக்கட்டளை உதவியது, கரும்பும் உதவியது. அவளுக்கு எட்டு வயது நடக்கும்போது, மார்கழியில் இடது காதுக்கு ஆபரேஷன் நடந்தது.

தையில் மிஷினை ஓட்டிவிட்ட அன்று, செவித்திறன் பார்க்கிற ஆடியாலஜிஸ்ட் அம்மா எங்களை உட்கார வைத்து ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். இந்தக் காது எட்டு வருடம் சும்மா இருந்த காது. வலது காது எல்லா வேலையையும் செய்து பழகிவிட்டது. புதுக் காதில் முதலில் பேச்சு வராது, வெறும் கரகரப்புத்தான் வரும். பிள்ளைக்கு வெறுப்பாக இருக்கும், கழற்றிப் போடுவாள். இப்போது விட்டுவிட்டால் பிறகு போடவே மாட்டாள், மிஷின் அலமாரியில்தான் இருக்கும். தினமும் வலதைக் கழற்றி வைத்துவிட்டு இடதை மட்டும் மாட்டி ஒரு மணி நேரமாவது பேசுங்கள். "பெரிய மனுஷங்க நீங்க சோர்ந்துபோவக் கூடாது. அது ஒண்ணுதான் இதுக்கு மருந்து," என்றார்.

சோர்ந்துபோகாமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் போர்க்களம். அம்மா குரல் தவளை மாதிரி இருக்கிறதாம். அப்பா குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினது மாதிரி. என்னை இடது காதில் கேட்டுவிட்டு, "மாமா கொசு," என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டாள். மாசி மாதம் முழுக்கத் தங்கைக்குத் தவளையம்மா என்றே பெயர். ஒரு நாள் இடது பக்கப் பொத்தானைக் காணவில்லை என்று வீட்டையே புரட்டினார்கள். கடைசியில் அது இரும்பு பீரோவின் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது, மிஷின் ஒயரில் தொங்கியது. காந்தம் இரும்பைக் கண்டால் விடுமா? மருமகள்தான் ஒட்டியிருக்கிறாள்.

மாப்பிள்ளை அன்று எனக்குப் போன் செய்தார். "மச்சான், எங்க வூட்டு பீரோவுக்குக் காது கேக்குது. நீங்க வந்து கம்மல் போட்டுவுடுங்க."

சிரித்தோம். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலமாரியில்தான் இருக்கும் என்று அந்த அம்மா சொன்னது, பீரோவில் வந்து நின்றிருந்தது.

சனிக்கிழமைகளில் தங்கையும் மருமகளும் பேச்சுப் பயிற்சிக்காகக் கள்ளக்குறிச்சிக்கு வருவார்கள். பயிற்சி முடிந்து மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. அங்கே டீச்சர் "என்ன" என்று சொல்லிக்கொடுப்பார், எங்கள் வீட்டுப் படி ஏறியதும் அது "இன்னா" ஆகிவிடும். பங்குனி வந்ததும் சண்டை கொஞ்சம் குறைந்தது. எப்போது, எதனால் என்று யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். அவள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு நடமாடினாள். கூப்பிட்டால் மட்டும் இன்னும் பம்பரம்தான். இரண்டு இருந்தும் சுற்றுகிறாளே என்று தங்கை ராத்திரியில் அழுததாக மாப்பிள்ளை என்னிடம் சொன்னார். ஆவணியில் காது குத்தலாம் என்று நான் பேச்செடுத்தபோது தங்கை, எந்த நாளைச் சொல்லிக் குத்துவது என்று திருப்பிக் கேட்டாள்.

வைகாசியில் கரும்பு வேலை ஓய்ந்ததும், பிள்ளைக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கரியாலூருக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு மருமகள் என் மடியில் சாய்ந்தாள். கோடை மழை பெய்திருந்ததால் அருவியில் தண்ணீர் இருந்தது. குளிப்பதற்கு முன் இரண்டு மிஷினையும் கழற்றி டிஃபன் டப்பாவில் வைத்து மூடினோம். சத்தமே இல்லாத அருவியில் நின்றுகொண்டு அவள் வாய்விட்டுக் கத்திக் கத்திக் குளித்தாள். அவள் குரல் அவளுக்கே கேட்காது, அந்த ஆனந்தத்தில் குறை ஒன்றும் இல்லை. தலை துவட்டி முடித்ததும் டப்பாவைத் திறந்தாள். முதலில் எடுத்து மாட்டியது இடதை. பார்த்தேன். காரணம் கேட்கவில்லை.

அருவியிலிருந்து மேலே சாலைக்கு வந்தோம். ஒரு பக்கம் சரிவு, சரிவுக்கு அப்பால் எதிர்மலை. இன்னொரு பக்கம் மேட்டில் மரங்களுக்கு நடுவே பலாப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். தங்கை பழம் வாங்க மேட்டில் ஏறினாள். மருமகள் சரிவைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் நின்றிருந்தாள். பழக்க தோஷம், நானும் மாப்பிள்ளையும் அவளுக்கு வலப்பக்கம். இடப்பக்கம், பின்னால், மேட்டிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள். மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சுளை தின்கிறாயா என்று கேட்டாள்.

மருமகள் திரும்பினாள். இடப்பக்கமாக, நேராக, அம்மா நிற்கிற இடத்தைப் பார்த்து. "ரெண்டு குடும்மா," என்றாள். மறுபடி சரிவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். இறுக்கிய பிடி வலித்தது.

"மச்சான், சுத்தல."

"பார்த்தேன்."

"எம்பொண்ணு சுத்தல மச்சான்."

ஒரு முறை நடந்தது தற்செயலாக இருக்கலாம் என்று என் புத்தி சொன்னது. மனசு அதைக் கேட்கிற நிலையில் இல்லை. உடனே விளையாட்டு ஆரம்பித்தது. மருமகளின் கண்ணைத் துண்டால் கட்டினோம். நாங்கள் மூன்று பேரும் சாலையில் சத்தமில்லாமல் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றோம். கூப்பிட்டவர் இருக்கும் பக்கம் அவள் கையை நீட்ட வேண்டும். தங்கை கூப்பிட்டாள், கை சரியாகத் தங்கையைக் காட்டியது. மாப்பிள்ளை கூப்பிட்டார், சரி. மாப்பிள்ளை இடம் மாறி நின்று கூப்பிட்டார், அதுவும் சரி. பலாப்பழக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு இறங்கி வந்து, அவரும் ஒரு பக்கம் நின்று "யம்மாடி" என்றார். அவரையும் காட்டினாள். தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

என் முறை வந்தது. நான் மேட்டோரம் நின்று, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக் கூப்பிட்டேன். மருமகளின் கை என் பக்கம் எழுந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, யாருமே இல்லாத சரிவைக் காட்டியது.

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. இன்னொரு தடவை கூப்பிடுங்கள் என்று எனக்குச் சைகை காட்டினார். கூப்பிட்டேன். மறுபடியும் அதேதான். முதலில் என்னை, பிறகு சரிவை. இந்த முறை அவள் துண்டை இழுத்துக் கழற்றிவிட்டு, கோபமாக எதிர்மலையைப் பார்த்தாள்.

"மாமா இங்க இருக்குது. அங்க யாரு மாமா மாதிரியே கூப்டுக்கினு இருக்குறது?"

நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் புரியாமல் பார்த்தோம். பலாப்பழக்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. "மலை திருப்பிச் சொல்லுதுங்க," என்றார். நான் இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எதிர்மலையிலிருந்து என் குரல், தேய்ந்துபோய், ஆனால் தெளிவாகத் திரும்பி வந்தது. என் இரண்டு காதும் பிறந்ததிலிருந்து கேட்கிற காதுகள். இரண்டு தடவை கத்தியும் அந்தப் பதில் எனக்குக் கேட்டிருக்கவில்லை. அவளுக்குக் கேட்டது. கேட்டதோடு, எந்தப் பக்கமிருந்து என்றும் தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காக எழுத முடியாது. மாப்பிள்ளை மலையைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னார், தங்கையின் பெயரைச் சொன்னார், டிராக்டர் நம்பரைச் சொன்னார். மலை எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னது. மருமகள் மலையிடம் "இன்னா?" என்று கேட்டாள். அதுவும் "இன்னா?" என்றது. "மலையும் நம்ப ஊர் பேச்சுதான் பேசுது," என்று சொல்லிவிட்டுச் சாலையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பலாப்பழக்காரர் சுளைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

தங்கை என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. "இப்ப எழுதிக்கோ ண்ணே. இன்னைக்கித் தேதி போட்டு எழுது."

பஸ் கிளம்பியதும் நாட்குறிப்பை எடுத்தேன். "வைகாசி, இரண்டாவது ஞாயிறு, கரியாலூர். இடது காது கேட்டது," என்று எழுதினேன். வளைவுக்கு வளைவு எழுத்து கோணிக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்த மருமகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அன்று அவள் எனக்கு இடப்பக்கம் இல்லாமல் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். என் பக்கம் இருந்தது அவளுடைய இடது காது.

"தப்பு மாமா," என்றாள்.

"இன்னா தப்பு?"

"இன்னைக்கி இல்ல. உங்க வூட்ல மீன் கொழம்பு வெச்சீங்கல்ல, அன்னைக்கி."

அவள் சொன்னது இது. பங்குனியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டில் சாப்பிடும்போது வலது மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. சொன்னால் அம்மா திட்டுவாள், மாற்றுப் பேட்டரி எடுத்துவரும் பொறுப்பு மருமகளுடையது, மறந்துவிட்டாள். அதனால் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் வீடு போகிற வரைக்கும் வலது காது செத்த காது. இடதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். "நீங்கள்லாம் வலது பக்கமே வந்து வந்து பேசினீங்க மாமா. எனக்கு ஒரே சிரிப்பு. அன்னைலேர்ந்து நீங்க கொசு இல்ல."

முன் சீட்டிலிருந்த தங்கை திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் இரவில் அழுதவள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையை நீட்டி மகளின் கம்மல் இல்லாத காது மடலைப் பிடித்து, மெதுவாக ஒரு திருகு திருகினாள்.

ஆவணியில் கிடா வெட்டிக் காது குத்தினோம். மருமகள் என் மடியில் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டாள், கால்கள் தரையில் கிடந்தன. ஆசாரிக்கு இடம் வேண்டும், இடது மிஷினைக் கழற்றிவிடலாம் என்று தங்கை சொன்னாள். மருமகள் வலதைக் கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டு, இடதைப் பொத்திக்கொண்டாள். ஊசி போகிற சத்தம் கேட்க வேண்டுமாம். ஆசாரி மிஷினைத் தொடாமல், மடலை மட்டும் இழுத்துப் பிடித்துக் குத்தினார். அவள் "ஆ" என்று கத்திவிட்டு உடனே, "டக்குனு கேட்டுச்சு மாமா," என்றாள். பூசாரி எந்த நாளில் காது கேட்டது என்று விசாரித்தார். தங்கை தயங்காமல் பங்குனிச் சனிக்கிழமை என்று சாமியிடம் சொல்லித் தீபாராதனை வாங்கிக்கொண்டாள்.

சாமிக்கு அது போதும். எனக்கு இன்னும் போதவில்லை. அந்தச் சனிக்கிழமைக்கான என் குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: "மதியம் மீன் குழம்பு. மருமகளுக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றேன். கம்மியா போடுங்க மாமா என்றாள்." பேட்டரி அதற்கு முன்பே தீர்ந்துவிட்டதா, பிறகா, அவளுக்கு நினைவில்லை. மிஷினுக்குள் ஏதாவது பதிவு இருக்குமா என்று ஆடியாலஜிஸ்ட் அம்மாவைக் கேட்டேன். எத்தனை நாள் எவ்வளவு நேரம் போட்டாள் என்ற சராசரிதான் அவர் பார்க்க முடிகிறதாம், அந்த ஒரு மதியம் அதில் தனியாகத் தெரியாதாம். அன்று போடட்டுமா என்று கேட்கும்போது நான் அவளுக்கு முன்னால் நின்றேனா, அவள் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாளா, அதுவும் என் நினைவில் இல்லை. ஆகவே அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இப்படிச் சேர்த்திருக்கிறேன்: இடது காது முதன்முதலில் கேட்ட சொல் 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா' என்பது என் ஊகம். நாள் மருமகளின் வாக்கு. இரண்டும் சரிபார்க்கப்படவில்லை.